சனிக்கிழமை ரயிலில் இரண்டு எப்சிலான்கள்

திருவாலங்காட்டில் காலை ரயில் மூச்சு விடுகிற நேரம்தான் நிற்கும். பெண்கள் பெட்டி எந்த வேப்பமரத்துக்கு நேராக வந்து நிற்கும் என்று தெரிந்து வைத்திருந்தால்தான் ஏற முடியும். ஏறியதும் சன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் என் பையை வைத்துவிடுவேன். அடுத்தடுத்த நிலையங்களில் ஏறுகிறவர்களிடமிருந்து அந்தப் பையைக் காப்பாற்றுவதுதான் சனிக்கிழமை காலையின் முதல் வேலை.

"ஆளு வருதா? எங்க ஏறும்?"

"கடம்பத்தூர்லக்கா."

"கடம்பத்தூர்ல ஏற ஆளுக்கு இப்பவே எடம் புடிச்சிக்கினு வரியா? நல்லா கீதே ஞாயம்!"

திட்டிக்கொண்டே நிற்பார்கள். கடம்பத்தூரில் அவள் ஏறுவாள். ஈரம் காயாத தலை, தோளில் ஒரு துணிப்பை, கையில் சுருட்டிய தாள்கள். உட்காருவதற்கு முன்பே பேச்சு தொடங்கிவிடும். "நாஷ்டா துன்னியா? நான் இட்லி எடுத்துக்கினு வந்தேன். அத்த வுடு, நேத்து கம்ப்யூட்டர்ல ஓட்டுன டேபிள் இன்னா ஆச்சு?"

நாங்கள் இருவரும் திருவள்ளூருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்திக்கொண்டிருந்தோம். ஒரே ஆசிரியர் அறை, அடுத்தடுத்த மேசைகள். நான் திருவாலங்காட்டில் நெல் வயல் வைத்திருக்கும் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள். அவள் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பெண். அவளுடைய தாத்தா காலம் வரைக்கும் பிறர் நிலத்தில் கூலி வேலை. அப்பா இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் தொழிலாளி. கல்யாணமாகிக் கடம்பத்தூருக்கு வந்திருந்தாள். முனைவர் பட்டத்துக்குப் பகுதி நேரமாக இருவரும் சென்னையில் ஒரே பேராசிரியரிடம் பதிவு செய்திருந்தோம். அவருக்குச் சனிக்கிழமைதான் ஒழியும். அப்படித்தான் அந்த ரயில் எங்களுடையதாயிற்று.

எங்கள் ஆய்வு என்னவென்று வீட்டில் கேட்டால் சொல்லத் தெரியாமல் விழித்திருக்கிறேன். இப்போது கொஞ்சம் சொல்ல வரும். ஒரு வகைக்கெழுச் சமன்பாடு. அதன் மிக உயர்ந்த வகைக்கெழுவுக்கு முன்னால் எப்சிலான் என்று ஒரு மிகச் சிறிய எண் ஒட்டிக்கொண்டிருக்கும். சிறியதுதானே என்று தூக்கிப் போட முடியாது. போட்டால் சமன்பாட்டின் குணமே மாறிவிடும். எல்லையில் விடை இவ்வளவு இருக்க வேண்டும் என்று கொடுத்திருக்கும் நிபந்தனையைக் கைவிட வேண்டி வரும். ஆகவே விடை வழியெல்லாம் அமைதியாக வந்து, எல்லைக்கு மிக அருகில், ஒரு ஒடுக்கமான இடத்தில் மட்டும் சட்டென்று திரும்பி அந்த நிபந்தனையைப் போய்த் தொடும். அந்த ஒடுக்கமான இடத்துக்கு எல்லை அடுக்கு என்று பெயர். எப்சிலான் சிறியதாக ஆக, அடுக்கும் மெலிந்துகொண்டே போகும். காகிதத்தில் முழு விடை எழுத முடியாத கணக்குகளுக்குப் புள்ளி புள்ளியாக வைத்து, பக்கத்துப் புள்ளிகளின் வித்தியாசத்தைக் கொண்டு விடையைத் தோராயமாகக் கணிப்போம். புள்ளிகளை எங்கே வைப்பது என்பதுதான் எங்கள் வாழ்க்கையாக இருந்தது.

பழகுவதற்கென்று எங்கள் வழிகாட்டி முதலில் ஒரு எளிய கணக்கைத்தான் கொடுத்தார். ஓடும் நீரில் ஏதோ ஒன்று கரைந்து பரவுவதைச் சொல்லும் வகை. புத்தகத்தில் உள்ளபடி புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்து, என் கணவரின் பழைய மடிக்கணினியில் ஓட்டினோம். ஆசிரியர் அறையில் அன்று வேறு யாரும் இல்லை. வரைபடம் திரையில் வந்தது. வழவழவென்று வந்து ஓரத்தில் வளைய வேண்டிய கோடு, மேலும் கீழுமாகப் பாய்ந்து ரம்பம் மாதிரி நின்றது.

"இன்னாடி இது, பல்லு பல்லா நிக்குது!" என்றாள் அவள்.

"ப்ரோக்ராம்ல எங்கயோ தப்பு."

மதியம் முழுக்கத் தப்பைத் தேடினோம். தப்பே இல்லை. அடுக்கு இருக்கும் இடத்தில் எங்கள் புள்ளி ஒன்றுகூட விழவில்லை. அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாத கணக்கு, மற்ற இடங்களில் எல்லாம் தடுமாறிக்கொண்டிருந்தது. ஓட்டம் வரும் திசையிலிருந்து மட்டும் வித்தியாசம் எடுத்துப் பார்த்தோம். பற்கள் போயின. ஆனால் கூர்மையாக இருக்க வேண்டிய திருப்பம், எண்ணெய் பட்ட மை மாதிரி இழுபட்டு அகலமாகிவிட்டது. கடைசியில், பாதிப் புள்ளிகளை அந்த ஒடுக்கமான இடத்துக்குள்ளேயே நெருக்கி அடைத்து, மிச்சப் பாதியை வெளியே தாராளமாகப் பரப்பி வைக்கும் முறைக்கு வந்து சேர்ந்தோம். அது ஏற்கெனவே உலகம் அறிந்த முறை. எங்களுக்கு மட்டும் அன்றுதான் புதிது. கோடு அழகாக வந்து ஓரத்தில் வளைந்தது. அவள் திரையைத் தொட்டு, "வந்துட்டான் பாரு," என்றாள், வீட்டுக்குத் தாமதமாக வரும் பிள்ளையைச் சொல்வதுபோல.

வழிகாட்டி அதிகம் பேசாதவர். நாங்கள் கொண்டுபோகும் தாள்களைத் திருப்பிப் பார்த்து, "எப்சிலான் இன்னும் சின்னதானா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்பார். அந்த ஒரு கேள்விக்காக மறுபடியும் ஒரு வாரம் ஓடும். ஒரு நாள் அவரே உண்மையான கணக்கைக் கொடுத்தார். ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு சமன்பாடுகள். இரண்டுக்கும் தனித்தனி எப்சிலான், ஒன்றைவிட ஒன்று சிறியது. அடுக்கு இரண்டு ஓரங்களிலும் வரும். "ரெண்டு பேரும் சேர்ந்தே பாருங்க. அப்புறம் ஆய்வேட்டுக்குப் பிரிச்சுக்கலாம்," என்றார்.

ரயிலில் அவள் சொன்னாள்: "ரெண்டு எப்சிலான், ரெண்டு பேரு. பெரிய எப்சிலான் நீ, சின்ன எப்சிலான் நானு."

"ஏன், நான் குண்டா இருக்கேன்னா?"

"சின்னதுதான்டி ஆட்டம் காட்டும். பாரு நீ."

அவள் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அப்படியே நடந்தது. பெரிய எப்சிலானைப் பார்த்து அடுக்கின் அகலத்தை முடிவு செய்து, அதற்குள் புள்ளிகளை நெருக்கி வைத்தோம். நல்ல முறை என்றால், எப்சிலான் எவ்வளவு சிறியதானாலும் பிழை ஓர் அளவுக்கு மேல் போகக்கூடாது, புள்ளிகளைக் கூட்டினால் குறைய வேண்டும். எங்கள் அட்டவணையில் இரண்டாவது சமன்பாட்டின் எண்கள் ஒழுங்காக அடங்கின. சின்ன எப்சிலான் இருந்த முதல் சமன்பாட்டின் எண்கள் அடங்கவே இல்லை. சின்ன எப்சிலானைக் குறைக்கக் குறைக்கப் பிழை ஏறியது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு விடுமுறை நாளில் அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்தேன். அறுவடை முடிந்திருந்தது. வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மாமியார் அவளை உட்காரச் சொல்லிவிட்டு விசாரித்தார்.

"எந்த ஊரும்மா?"

"கும்மிடிப்பூண்டிங்க."

"அப்பா இன்னா பண்றாரு?"

"நைனா ரோலிங் மில்லுல இருக்காருங்க."

"அதுக்கு முன்ன?"

"முன்ன நெலத்து வேலதாங்க," என்றாள் அவள் நிதானமாக.

மாமியார் காபி கொண்டுவந்தார். எனக்கு எவர்சில்வர் டம்ளரில். அவளுக்கு, எப்போதோ ஒரு விசேஷத்தில் மீந்துபோன காகிதக் கோப்பையில். அவள் குடிக்கத் தொடங்கினாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய், இன்னொரு காகிதக் கோப்பையை எடுத்து, என் காபியை அதில் ஊற்றிக்கொண்டு, மாமியார் முன்னாலேயே நின்று குடித்தேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு நெல்லைக் கிளறப் போய்விட்டார். அந்த வாரம் எங்கள் வீட்டில் பேச்சு குறைவாகவே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ரயிலில் அதைப் பற்றிப் பேசலாமா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது அவளே ஆரம்பித்தாள்.

"நீ எதுக்குடி பேப்பர் கப்புல ஊத்திக்கின? எனக்கு சிரிப்பா வந்துச்சு."

"சிரிப்பா?"

"பின்ன? இதுக்கெல்லாம் ஒக்காந்து அழ ஆரம்பிச்சா டேபிள யாரு முடிக்கிறது?" என்றாள். இட்லி டப்பாவைத் திறந்து என் பக்கம் நீட்டினாள். "ஆனா இனிமே எங்க ஊட்டுக்கு வா. அங்க டம்ளரு நெறைய கீது."

அதிலிருந்து கடம்பத்தூரில்தான் உட்கார்ந்தோம். ரயில் பாதைக்கு அருகில் ஒரு சிறிய வாடகை வீடு. விரைவு வண்டி போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். அவளுடைய பெண் குழந்தை அப்போது தவழ்ந்துகொண்டிருந்தது. தாள்களை அதன் கைக்கு எட்டாமல் கட்டில்மேல் பரப்பியிருப்போம். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு ஒன்றும் தோன்றாமல், விடையின் ஓரத்தை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு வந்து வளைந்தது. இன்னும் பெரிதாக்கினாள். வளைந்த கோடு எல்லையை நெருங்கிய இடத்தில் மறுபடியும் ஒரு முறை, முன்னைவிடக் கூர்மையாகத் திரும்பியது.

"ஏய்! அடுக்குக்குள்ள இன்னொரு அடுக்குடி!" என்று அவள் கத்தியதில் குழந்தை மிரண்டு அழுதது.

பெரிய எப்சிலானின் அடுக்குக்குள்ளேயே சின்ன எப்சிலானின் அடுக்கு ஒளிந்திருந்தது. நாங்கள் பெரியதற்கு மட்டும் இடம் ஒதுக்கியிருந்தோம். புள்ளி வைக்கும் இடத்தை இரண்டு கட்டமாகப் பிரித்து, உள்ளே இருப்பதற்கு இன்னும் நெருக்கமாகப் புள்ளிகளை வைத்தோம். குழந்தையை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே அவள் எண்களைத் தட்டினாள். அட்டவணை ஓடி முடிந்தது. முதல் சமன்பாட்டின் எண்களும் அடங்கின. மேலிருந்து கீழாக எப்சிலான் குறைந்துகொண்டே போக, பிழை ஓரிடத்துக்கு வந்து அசையாமல் நின்றது. சாயங்காலம் அவள் என்னை வழியனுப்ப நிலையத்துக்கு வந்தாள். பஜ்ஜி வாங்கிக்கொண்டு நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் ஏற வேண்டிய வண்டி வந்து போயிற்று. அடுத்த வண்டியில் போகலாம் என்று விட்டுவிட்டோம். இப்போது யோசித்தால் எத்தனையோ பெரிய நாட்கள் மங்கலாகத்தான் இருக்கின்றன. அந்த பஜ்ஜியின் காரம் இன்னும் நாக்கில் இருக்கிறது.

விடை சரியாக வருகிறது என்று அட்டவணை காட்டினால் போதாது. எல்லா எப்சிலானுக்கும் அப்படித்தான் வரும் என்று நிரூபிக்க வேண்டும். அந்த நிரூபணத்தில் பாதி வழி போயிருந்தபோது கல்லூரியில் இடி விழுந்தது. பொறியியல் படிக்க வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒரு வகுப்பறையை மூடினார்கள், பிறகு இன்னொன்றை. கணிதத் துறையில் இத்தனை ஆள் வேண்டாம் என்றார்கள். கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் அனுப்பினார்கள். அவள் எனக்குப் பின்னால் சேர்ந்தவள்.

அவள் மேசையைக் காலி செய்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டே, "தேர்வாய் கண்டிகையில ஒரு ஃபேக்டரில ஆள் எடுக்கறாங்களாம். குவாலிட்டி செக்ஷன். நைனா சொல்லி வச்சிருக்காரு," என்றாள்.

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமையும் ஷிஃப்ட் இருக்கும்டி."

"ஆராய்ச்சி?"

அவள் மேசை இழுப்பறையை ஒருமுறை இழுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று மூடினாள். அவள் கணவர் அப்போது வேலை தேடி வெளியூரில் இருந்தார். குழந்தையோடு அவள் கும்மிடிப்பூண்டியில் அப்பா வீட்டுக்கே போனாள். கொஞ்ச நாளில் பல்கலைக்கழகப் பதிவும் காலாவதியானது.

அதற்குப் பிறகும் சனிக்கிழமை நான் ரயில் ஏறினேன். முதல் வாரம் பழக்கத்தில் பையைப் பக்கத்து இடத்தில் வைத்துவிட்டேன். "ஆளு வருதா?" என்று ஒரு அம்மா கேட்டபோதுதான் உறைத்தது. பையை மடியில் எடுத்துக்கொண்டேன். கடம்பத்தூரில் வண்டி நின்றபோது வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நிரூபணத்தைத் தட்டுத்தடுமாறி நானே முடித்தேன். வழிகாட்டியும் நானும் அதைக் கட்டுரையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம். பல மாதம் கழித்து மதிப்புரை வந்தது. முறை நன்று, கணிப்புகள் நன்று. ஆனால் இரண்டு எப்சிலான்களும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருக்கும்போது நிரூபணம் நிற்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். பார்த்தேன். உண்மைதான். விடையில் பெரிய அடுக்கு எது, சின்ன அடுக்கு எது என்று தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பிழையையும் தனியாக அளந்திருந்தேன். இரண்டும் நெருங்கி வந்தால் அந்தப் பிரிப்பே உடைந்து, கணக்கில் ஒரு எண் கட்டுப்பாடில்லாமல் பெருத்துவிடும். எத்தனையோ விதமாகப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து நின்றேன். வழிகாட்டி, "அந்த நிலையை விட்டுட்டு எழுதலாம். இவ்வளவு தூரம் வந்ததே நல்ல வேலைதான்," என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் சொல்லிவிட்டு, திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வழியாகப் பேருந்து மாறி மாறிக் கும்மிடிப்பூண்டி போனேன். தொழிற்பேட்டையைத் தாண்டியதும் காற்றில் இரும்பு வாசனை. அவளுடைய தெருவில் மரங்களின் இலைகள்கூடப் பழுப்புத் தூள் படிந்து நின்றன. அவள் அப்போதுதான் கோயிலிலிருந்து திரும்பி வந்து, சேலையை மாற்றாமல் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மீன் கையோடு எழுந்து நின்றாள்.

"சொல்லிக்கினு வரமாட்டியாடி?"

"சொன்னா நீ வேணாம்னுவ."

அவளுடைய அப்பா ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்கி எழுந்திருந்தார். முன்கையில் சூடு பட்ட பழைய தழும்புகள். எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, "வாம்மா. அந்தக் கணக்கு இன்னும் முடியலியா?" என்று கேட்டார். ஏதோ கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருக்கும் வழக்கை விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"முடியலீங்கப்பா. அதான் வந்தேன்."

"இது தெனம் அத்தப் பத்தியே ரோசன பண்ணிக்கினு கீது. சொல்லாது. நீ எடும்மா," என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அவள் முதலில் தயங்கினாள். "எல்லாம் மறந்துட்டேன்டி. இப்ப எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கேஜும் மைக்ரோமீட்டரும்தான்." மறக்கவில்லை என்பது தாளைப் புரட்டியபோதே தெரிந்தது. முதல் பக்கத்தில் நான் விட்டிருந்த ஒரு குறியீட்டுப் பிழையைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். உடைகிற இடத்துக்கு வந்ததும் நான் இதுவரை செய்து பார்த்த பிரிப்புகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். குழந்தை வந்து அவள் முதுகில் சாய்ந்தது. வெளியே யாரோ தண்ணீர் பிடிக்கக் கூப்பிட்டார்கள். "அப்பால வரேன்க்கா," என்று குரல் கொடுத்துவிட்டு மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கீதுன்னா, நீ இன்னாத்துக்குப் பிரிக்கிற?"

"பிரிச்சாதானே தனித்தனியா அளக்க முடியும்?"

"தூரமா இருந்தா பிரி. கிட்ட இருந்தா வுட்டுடு. ரெண்டையும் ஒண்ணா வச்சே அள. ஒண்ணு இன்னொண்ணுல பாதிக்கு மேல இருந்தா, ரெண்டு அடுக்கும் ஏறக்குறைய ஒரே அகலம்தானே? அப்ப பெரிசுக்கு எழுதற வரம்பு சின்னதுக்கும் ஒத்துப் போயிடும். ஒரு மாறிலி கூட வரும், அவ்ளோதான்."

எழுதிப் பார்த்தோம். முதல் முறை ஓரிடத்தில் அடிபட்டது. பிழைக்கு வேலியாக வைத்திருந்த சார்பைச் சற்று மாற்றி எழுதினாள். ஓரத்தில் வேலியைத் தாண்டாதது நடுவிலும் தாண்டாது என்று சொல்லும் பெருமக் கோட்பாட்டைப் போட்டோம். பிழை, நாங்கள் கட்டிய வேலியைத் தாண்டாமல் உள்ளேயே நின்றது. வரி வரியாக மறுபடியும் சரிபார்த்தோம். நின்றது.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "மீன் கொழம்பு காரம்," என்றாள். சாப்பிட்டு எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று மாலை முழுவதும் வேறு ஏதேதோ பேசினோம். ஆலையில் அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் பெண்கள், கேண்டீன் சாம்பார், என் வீட்டு மாடு கன்று போட்டது. கடைசிப் பேருந்துக்கு அவளுடைய அப்பாதான் என்னைச் சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

கட்டுரையைத் திருத்தி எழுதி, அவள் பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வழிகாட்டியிடம் போனேன். அவர் பெயர்களைப் பார்த்தார்.

"அவங்க பதிவுதான் காலாவதியாயிடுச்சே?"

"பேர் போடறதுக்குப் பதிவு வேணுமா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேணாம்," என்றார். "வேணாம், நீங்க சொல்றதுதான் சரி. நிறுவன முகவரின்னு ஒண்ணு கேப்பாங்களே, அதுக்கு என்ன போடறது?"

கல்லூரிப் பெயரைப் போட முடியாது. தொழிற்சாலையின் பெயரைப் போட அனுமதி கேட்க அவளுக்கு விருப்பமில்லை. கடைசியில் வீட்டு முகவரியையே போட்டோம். கதவு எண், தெரு, கும்மிடிப்பூண்டி. கட்டுரை அச்சில் வந்ததும் ஒரு பிரதி எடுத்து அவளுக்கு அனுப்பினேன். அதற்கு அவளுடைய அப்பாதான் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஏம்மா, நம்ம ஊட்டு அட்ரஸா போட்டுக்கிறாங்க?"

"ஆமாங்கப்பா."

"வெளிநாட்டுல இருக்கறவன்லாம் இத்தப் பாப்பானா?"

"பாப்பாங்க."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "மில்லுல காட்டறதுக்கு ஒரு காப்பி போட்டுக்கலாமாம்மா? தப்பில்லியே?" என்று கேட்டார். அவர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆலைக்கு எடுத்துப் போனதையும், உருட்டும் பகுதியில் இருந்தவர்கள் கை துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்ததையும் அவள் பிறகு சொன்னாள். யாருக்கும் ஒரு வரி புரிந்திருக்காது. எல்லோரும் முகவரியைத்தான் படித்தார்களாம்.

என் வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம் என்பது வழக்கம். கணவர் வந்தார். மாமியாரும், யாரும் எதிர்பாராமல், பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவள் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். நான் பேசத் தொடங்கியபோது வரவில்லை. நெருங்கிய எப்சிலான்களைப் பற்றித் தேர்வாளர் கேட்டபோதும் வரவில்லை. அது என் இணை ஆசிரியரின் யோசனை என்று சொல்லிவிட்டு விளக்கினேன். விளக்கும்போது கண் கதவிடமே போய்க்கொண்டிருந்தது. முடிந்தது, கைதட்டினார்கள், வழிகாட்டி என் கையைக் குலுக்கினார். சமோசா, டீ. எல்லோரும் கலைந்தார்கள். மாமியாரைக் கணவரோடு ரயிலுக்கு அனுப்பிவிட்டு நான் அங்கேயே நின்றேன்.

உதவியாளர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் ஓடி வந்தாள். தொழிற்சாலையின் நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, முகமெல்லாம் வியர்வை.

"மாத்தி வுட வேண்டியவ வரலடி. லைன்ல இருந்து எறங்கவே வுடல. அப்பால வண்டியும் பேஜார் பண்ணிடுச்சு," என்று மூச்சு வாங்கினாள். காலியான அறையைப் பார்த்தாள். "முடிஞ்சிடுச்சா?"

"முடியல. ஒக்காரு."

மீந்திருந்த சமோசாவை அவள் கையில் கொடுத்து, அடுக்காமல் இருந்த ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். புரொஜெக்டரை மறுபடி போட்டேன். உதவியாளர், "மேடம், ரூம் பூட்டணும்," என்றார். "ஒரு கொஞ்ச நேரம் சார்," என்றேன். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். "மதிப்பிற்குரிய தேர்வாளர் அவர்களே," என்றேன். அவள் சமோசாவை மென்றுகொண்டே, "ம், சொல்லுங்க," என்றாள். அன்று காலை பேசியதைவிட நன்றாகப் பேசினேன். அவள் இடையிடையே மறித்தாள். அந்த மாறிலி எங்கிருந்து வந்தது, புள்ளிகளை இரட்டித்தால் என்ன ஆகும், இரண்டு கட்டங்களும் சேரும் இடத்தில் ஏன் பிழை ஏறவில்லை. ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையான தேர்வாளர் அதைக் கேட்கவில்லையே என்று ஆறுதலாக இருந்தது. கடைசிப் பக்கம் வந்ததும் அவள் எழுந்து நின்று, தனியாகக் கைதட்டினாள். உதவியாளரும் சேர்ந்து தட்டினார்.

திரும்பும் வழியில் நடந்தே சென்ட்ரலுக்கு வந்தோம். மறுபடியும் பதிவு செய்யச் சொன்னேன். வழிகாட்டியும் சம்மதிப்பார், பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது என்றேன்.

"வேணாம்டி," என்றாள். "எனக்கு ஆச இல்லன்னு சொன்னா பொய்யி. ராத்திரி படுத்தா ஆச வருது. காலையில எழுந்தா கொழந்த, ஷிஃப்டு. பட்டம் இப்ப வேணாம். கணக்கு மட்டும் வேணும். அத்த நிறுத்திடாத."

அவளுக்குக் கும்மிடிப்பூண்டி வண்டி, எனக்கு அரக்கோணம் வண்டி. அவளுடையது முதலில் வந்தது. கூட்டத்தில் ஏறிவிட்டு, கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி ஆட்டினாள். அந்த வழியில் நாங்கள் ஒருமுறைகூடச் சேர்ந்து போனதில்லை என்று அப்போது தோன்றியது.

இப்போது அவள் அந்தத் தொழிற்சாலையில் அளவுப் பிரிவுக்குப் பொறுப்பாளர். பட்டம் வாங்கவில்லை. நான் வேறு கல்லூரிக்கு மாறிவிட்டேன். வழிகாட்டி ஓய்வு பெற்றுவிட்டதால் சனிக்கிழமை ரயிலுக்கு வேலை இல்லை. எப்போதாவது அந்த நேரத்து வண்டியில் போக நேர்ந்தால், கடம்பத்தூரில் ஏறுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பேன். மூன்று சமன்பாடுகள், மூன்று எப்சிலான்கள் உள்ள ஒரு கணக்கை எடுத்து வைத்திருக்கிறோம். அதில் எது எதோடு நெருங்கும் என்று வகை பிரிப்பதற்குள்ளேயே தலை சுற்றுகிறது. டீ நேரத்தில் அவள் குரல் செய்தி அனுப்புவாள். பின்னால் இயந்திரங்கள் இரைய, பாதிச் சொற்கள் கேட்காது. போன வாரம் வந்ததை நான் பலமுறை போட்டுக் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன்.

"நடுவுல இருக்கற எப்சிலான் எந்தப் பக்கம் சேருதுன்னு பாத்தியாடி? அது ரெண்டு பக்கமும் சேரலாம். நீ ஒரு பக்கம்தான் எழுதிக்கிற. ஞாயித்துக்கெழம வா, மீன் வாங்கி வெக்கிறேன்."